சருகுமானின் இழுப்பும் பாதி விலை லேகியமும்

ஒரு காட்டில் நோய் இருந்தது, மருந்தும் இருந்தது. இரண்டும் நேருக்கு நேர் சந்தித்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் அரசாங்கமும் இருந்தது. அரசாங்கம் என்று நான் சொல்வது யானையை. நல்ல யானைதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் வருத்தப்படக் கூடாது.

அந்தக் காட்டில் காத்தாயி என்று ஒரு சருகுமான் வாழ்ந்தாள். முயலைவிடக் கொஞ்சம் பெரியவள், அவ்வளவுதான். கொம்பு கிடையாது. அவள் ஓட்டத்தை ஆமை மட்டும்தான் மெச்சும். கடவுள் அவளுக்குக் கொடுத்த ஒரே வித்தை, சத்தம் போடாமல் இருப்பது. காய்ந்த சருகுக்குள் படுத்துவிட்டால் அவள் அங்கே இருப்பது சருகுக்கே தெரியாது.

அதே காட்டில் பூச்சியப்பன் என்ற சிறுத்தையும் இருந்தான். வயதாகிவிட்டது. கண் மங்கல். மூக்கிலே தீராத சளி, மானுக்கும் மாட்டுச் சாணிக்கும் வாசனையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் காது மட்டும் அப்படியே இருந்தது. எறும்பு கொட்டாவி விட்டால் திரும்பிப் பார்ப்பான். அந்தக் காதை வைத்துத்தான் அவன் சாப்பாடு நடந்தது.

ஆகவே சத்தமே போடாத காத்தாயிக்கும், காதை மட்டுமே நம்பிய பூச்சியப்பனுக்கும் இடையில் ஒரு தொல்லையும் இல்லை. பல வருஷம் அக்கம்பக்கத்தில் நிம்மதியாக இருந்தார்கள். அவனுக்கு அவளைத் தெரியவே தெரியாது.

ஒரு மழைக்காலத்தில் காத்தாயிக்கு இழுப்பு வந்தது.

முதலில் லேசாக, தொண்டைக்குள் யாரோ சீப்பு வைத்து வாரும் சத்தம். பிறகு நெஞ்சு முழுக்க, ஹீ... ஹீ... என்று, துருத்தி ஊதும் சத்தம். பூச்சியப்பன் குகையிலிருந்து எழுந்து, காதைத் திருப்பி, நேராக அவள் படுத்திருந்த சருகுக் குவியலுக்கு வந்துவிட்டான். அவள் பாறை இடுக்குக்குள் புகுந்து பிழைத்தாள். அன்றிலிருந்து இழுக்கும்போதெல்லாம் அவன் வந்தான். மற்றவர்களுக்கு மூச்சு வாங்கினால் வியாதி. அவளுக்கு மூச்சு வாங்கினால் மரணம். இந்தக் கதையில் இதை மட்டும் நீங்கள் மறக்காமல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் அதிகாரிகள் பேச்சு.

இழுப்புக்கு மருந்து இருந்தது. கரடி மாரண்ணன் காய்ச்சுகிற தேன் லேகியம். ஒரு குடுவை வாங்கி மழைக்காலம் முடியும்வரை நக்கினால் மூச்சு தெளிந்துவிடும். பக்குவம் மாரண்ணன் ஒருவருக்குத்தான் தெரியும். பணக்காரர் என்பதால் அவரை 'அவர்' என்றே சொல்வோம். விலையைக் கேட்டால் இல்லாத இழுப்பும் வந்துவிடும்.

"ஏனுங்க இந்த விலை?" என்று யாராவது கேட்டால் மாரண்ணன் தன் மூக்கைக் காட்டுவார். "தேனீ கொட்டுனதைப் பாருங்க. இத்தனை கொட்டும் வாங்கி ஆராய்ச்சி பண்ணிருக்கறேன். வலிக்குக் கூலி வேண்டாமா?" என்பார். அந்த மூக்கு அவர் சின்ன வயதில் வீங்கியது. விலை மட்டும் வருஷாவருஷம் புதிதாக வீங்கியது.

யானைக்கு இது பொறுக்கவில்லை. ஒரு சட்டம் போட்டது. இல்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு, கரடி தன் லேகியத்தைப் பாதி விலைக்குத்தான் விற்க வேண்டும். மிச்சமாகும் பணத்தில் ஆஸ்பத்திரி இன்னும் நாலு இல்லாதவர்களைப் பார்க்கும். நல்ல சட்டம். நான் கிண்டல் செய்யவில்லை, உண்மையிலேயே நல்ல சட்டம். அந்தப் பாதி விலையை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஆஸ்பத்திரி அதை நோயாளிக்குக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. யானை பெரிய உடம்பு. சின்ன விஷயம் காலடியில் கிடந்தால் அதற்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி சதுப்பு ஓரத்தில் இருந்தது. டாக்டர் ஒரு நாரை. தவசியப்பன் என்று பெயர். நீண்ட அலகு, தொண்டைக்குள் விட்டுப் பார்க்க வசதி. காத்தாயி போனால் ஓடி வந்து வரவேற்பார்.

"வா அம்மிணி, வா! உன்னைத்தான் நெனச்சுட்டே இருந்தேன். வாயைத் தொற. ஆகா, என்னமா இழுக்குது! போன தடவையை விட ஜாஸ்தி."

"சாமி, அந்த லேகியம்..."

"எழுதித் தர்றேன். மழைக்காலம் முடியற வரைக்கும் நக்கோணும்."

"எழுதறீங்க, குடுக்க மாட்டேங்கறீங்களே."

"ஸ்டாக் இல்லியே அம்மிணி. வந்ததும் மொத ஆளு நீதான்."

ஸ்டாக் ஏன் இல்லை என்று சொல்கிறேன். லேகியம் பாதி விலைக்குச் சதுப்புக்கு வந்தது. வந்த வேகத்தில் மலை உச்சிக்குப் போனது. மலை உச்சியில் மயில்கள் இருந்தன. மயில்களுக்குக் காப்பீடு இருந்தது, முழு விலை கேட்டாலும் முகம் சுளிக்காது. அகவி அகவித் தொண்டை கட்டிக்கொண்ட மயில்கள் லேகியத்தை நக்கின. நடுவில் நின்ற பாதி விலையை வைத்துத் தவசியப்பன் மலை உச்சியில் அருவி தெரிகிற மாதிரி ஒரு கிளை ஆஸ்பத்திரி கட்டினார். வாசலில் காத்தாயி படம் வரைந்து, 'இவளுக்காகவே நாங்கள்' என்று எழுதிவைத்தார். படத்தில் காத்தாயி கொழுகொழுவென்று இருந்தாள்.

தவசியப்பன் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். அவரிடம் கேட்டால் நிஜமான கண்ணீரோடு சொல்வார்: "உச்சியில சம்பாதிச்சாத்தான சதுப்புல சேவை பண்ண முடியும்?" சேவை என்று அவர் சொன்னது, தொண்டைக்குள் அலகை விட்டுப் பார்ப்பதை. அது முற்றிலும் இலவசம்.

ஒருநாள் பூச்சியப்பனின் நகம் காத்தாயியின் வாலில் பட்டுவிட்டது. அவள் நேராகச் சதுப்புக்கு வந்தாள்.

"சாமி, இனி எழுத வேண்டாம். லேகியம் குடுங்க. இன்னொரு தடவ இழுத்துச்சுன்னா நான் இருக்க மாட்டேன். நான் இல்லீன்னா உங்களுக்கு ஏழை நோயாளி யாரு இருக்கறா? பாதி விலைய யாரைக் காட்டி வாங்குவீங்க?"

ஒற்றைக் காலில் நின்றிருந்த தவசியப்பன் இரண்டாவது காலையும் ஊன்றிவிட்டார். இந்தக் கோணத்தில் அவர் யோசித்ததே இல்லை.

"நியாயமான பேச்சு. இப்பவே ஒரு குடுவை வாங்கி உனக்கே தர்றேன்," என்று சொல்லிக் கரடியிடம் பறந்தார். அன்று அவர் சொன்னது சத்தியம். என்ன செய்வது, அன்றைக்குப் பார்த்துக் கரடிக்கும் ஞானம் வந்திருந்தது.

"மலை மேல பங்களா கட்டுனீங்களாமா?" என்றார் மாரண்ணன்.

"கிளை ஆஸ்பத்திரிங்க."

"என்னோட பாதி விலையில. சரி, இனி அந்தக் கதை நடக்காது டாக்டர். முழு விலையையும் மொதல்ல வெச்சுட்டு வாங்குங்க. நக்குனது நெசமான ஏழை, நெசமான வியாதின்னு அத்தாட்சி காட்டுங்க. அப்புறம் பாதியத் திருப்பித் தர்றேன்."

"முழு விலைக்கு எங்க போவேன்? எல்லாம் அருவிப் பக்கம் போட்டாச்சே!"

"அப்படின்னா அத்தாட்சிய மொதல்ல கொண்டு வாங்க. அந்தம்மாவுக்கு இழுக்குதுன்னு காதால கேட்ட சாட்சி ஒண்ணு வேணும். உங்க ஆஸ்பத்திரி ஆளா இருக்கக் கூடாது."

விஷயம் யானையிடம் போனது. யானை காத்தாயியைக் கூப்பிட்டு விசாரித்தது.

"உனக்கு இழுக்குதுன்னு யாரு கேட்டிருக்கா?"

காத்தாயி யோசித்தாள். பிறந்ததிலிருந்து ஒளிந்தே வாழ்ந்தவள். ஒரு நட்பு கிடையாது, உறவு கிடையாது. அவள் மூச்சைக் காது கொடுத்துக் கேட்டவர் என்று உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். பொய் சொல்லவும் அவளுக்குத் தெரியாது.

"பூச்சியப்பன் கேட்டிருக்காருங்க," என்றாள்.

"ஆகா!" என்று மாரண்ணன் தொடையைத் தட்டினார். "டாக்டரு ஆளும் இல்லை, நம்ம ஆளும் இல்லை. காதுன்னா காது, அப்படியொரு காது. இதைவிட நடுநிலையான சாட்சி கெடைக்குமா?"

யானைக்கும் அது சரியாகவே பட்டது. மூவரும் கௌரவமாக ஒத்துப்போனார்கள். காத்தாயியை யாரும் கேட்கவில்லை, அவள் பயனாளிதானே.

பூச்சியப்பனுக்கு உத்தரவு போனது. பாவம், அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அரசாங்கம் அவனைக் கூப்பிட்டதே இல்லை, துரத்தித்தான் இருக்கிறது. உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு சபைக்கு வந்தான்.

"சோதனை நடக்கறப்ப அந்தம்மா மேல கை வெக்கக் கூடாது," என்றது யானை.

"சத்தியமா வெக்க மாட்டேனுங்க. டூட்டின்னா டூட்டி."

"டூட்டி முடிஞ்ச பொறவு?" என்று காத்தாயி மெல்லக் கேட்டாள்.

"அது என்ற சொந்த நேரமுங்க," என்றான் பூச்சியப்பன். யானை ஆமோதித்தது. ஊழியர்களின் சொந்த நேரத்தில் அரசாங்கம் தலையிடுவதில்லை.

சோதனை நாள் வந்தது. மருத மரத்தடியில் லேகியக் குடுவையை வைத்தார்கள். வாசனை அடித்தது. ஒரு பக்கம் கரடி, ஒரு பக்கம் நாரை, நடுவில் காத்தாயி. யானை தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறியது: சோதனை ஆரம்பம். பூச்சியப்பன் நடந்து வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு காதையும் அவள் பக்கம் திருப்பினான்.

இங்கேதான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. சருகுமான் ஜாதியைத் தெரிந்தவர்கள் எதிர்பார்த்திருக்கலாம், ஆனால் அவர்களை யார் கேட்டார்கள்? சிறுத்தையை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததும் காத்தாயி உறைந்துவிட்டாள். அவள் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் அப்படித்தான். பயம் உச்சிக்கு ஏறினால் உடம்பு கல்லாகிவிடும், மூச்சு நூலாகிவிடும். இழுப்பு நின்றுபோனது. ஹீ இல்லை, ஹூ இல்லை. ஒரு சின்னக் கீச்சு கூட இல்லை.

"இழு அம்மிணி!" என்று தவசியப்பன் கிசுகிசுத்தார்.

அவள் அசையவில்லை.

"நல்லா மூச்ச விடு. குடுவை பக்கத்துலதான் இருக்குது. வீட்டுல இழுக்கற மாதிரி ஒரு தடவ, ஒரே தடவ..."

ஒன்றுமில்லை. பூச்சியப்பன் காதை மேலும் நீட்டினான். முகத்தில் நிஜமான கவலை. உதவ வேண்டும் என்றுதான் அவனுக்கும் இருந்தது. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய்க் காதை அவள் நெஞ்சோரம் வைத்தான். அவள் இன்னும் கல்லானாள்.

"என்னப்பா, கேக்குதா?" என்றது யானை.

"பொய் சொல்லக் கூடாதுங்க. ஒண்ணுமே கேக்கலை. எனக்கு முன்னால யாராச்சும் இருக்காங்களான்னே சந்தேகமா இருக்குதுங்க."

"வியாதி இல்லைன்னு எழுதிக்கலாமா?" என்றார் மாரண்ணன், ரொம்ப மரியாதையாக.

"நான் டாக்டருங்க! நான் பார்த்தேன், அவ நெஞ்சு துருத்தி மாதிரி..." என்று தவசியப்பன் கத்தினார்.

"நீங்க இந்த வழக்குல ஒரு கட்சிக்காரர்," என்றது யானை, வருத்தத்தோடு. "சாட்சி சொன்னதுதான் முடிவு. வியாதி இல்லை. விண்ணப்பம் தள்ளுபடி." பிளிறியது. சோதனை முடிந்தது. மாரண்ணன் குடுவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

பூச்சியப்பனும் எழுந்து போனான். அவன் வால் புதருக்குள் மறைந்தது. காத்தாயியின் உடம்பு இளகியது. இளகிய உடனே, அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து, ஹீஈஈ... என்று வெடித்துக் கிளம்பியது இழுப்பு.

புதர் அசைந்தது. "அட, இப்ப நல்லாக் கேக்குதே!" என்றான் பூச்சியப்பன். இது அவனுடைய சொந்த நேரம்.

காத்தாயி ஓடினாள். ஓட ஓட இழுத்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டே அந்தச் சத்தத்தைப் பிடித்துத் துரத்தினான். வேர் தடுக்கி அவள் சருகுக் குவியலில் விழுந்தாள். அவன் ஒரே பாய்ச்சலில் பக்கத்தில் வந்து நின்றான். அவன் மூச்சு அவள் காதில் சூடாகப் பட்டது. செத்தோம் என்று அவள் நினைத்தாள்.

இழுப்பு நின்றுபோனது.

பூச்சியப்பன் இந்தப் பக்கம் காதைத் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான். சருகு, சருகு, எல்லாம் சருகு. அவளை ஒரு தடவை மிதிக்கவே செய்தான். "எங்கதான் தொலைஞ்சாளோ!" என்று தன் தலைவிதியைத் திட்டிக்கொண்டு குகைக்குக் கிளம்பினான்.

காத்தாயி படுத்தபடியே அவன் போவதைப் பார்த்தாள். நாலடி போனான், நெஞ்சு சும்மா இருந்தது. இன்னும் தள்ளிப் போனான், தொண்டைக்குள் சீப்பு வாரத் தொடங்கியது. அவளுக்குப் புரிந்துபோனது. படித்த டாக்டருக்கும் லேகியம் காய்ச்சும் முதலாளிக்கும் புரியாத ஒன்று புரிந்ததற்காக அவள் சந்தோஷப்படவில்லை. அழுதாள். அழுதுகொண்டே எழுந்து அவன் பின்னால் நடந்தாள்.

பூச்சியப்பன் குகை வாசலில், அவன் கால் நீட்டிப் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில், நல்ல சருகுக் குவியல் ஒன்று இருந்தது. அதற்குள் புகுந்துகொண்டாள். அவன் பக்கத்தில் இருக்கும்வரை இழுப்பு வராது. இழுப்பு வராதவரை அவனுக்கு அவள் இருப்பது தெரியாது. அவன் வேட்டைக்குப் போனால் அவளும் பின்னாலேயே போவாள், அவன் காலடி வைத்த இடத்தில் கிடக்கிற தழையைச் சத்தமில்லாமல் கொறிப்பாள். அவன் தூங்கினால் விழித்திருப்பாள். மழைக்காலம் முழுவதும் அவளுக்கு ஒரு தடவை கூட இழுக்கவில்லை. இதற்குப் பெயர் குணமாவது என்றால், அவள் குணமாகிவிட்டாள்.

மேலே பறந்துபோன தவசியப்பன் கண்ணில் இது பட்டது. நேராக யானையிடம் போனார்.

"பூச்சியப்பன் லைசென்ஸ் இல்லாம வைத்தியம் பாக்கறானுங்க! என்ற நோயாளிய அபகரிச்சுட்டான்!"

மாரண்ணனும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "என்ற லேகியம் செய்யற வேலைய வேற ஒருத்தன் ஓசியில செய்யறான். இது அநியாயமுங்க!"

பூச்சியப்பனைக் கூப்பிட்டார்கள். அவன் திகைத்துப்போனான். "என்ற பக்கத்துலயா? நோயாளியா? எங்கீங்க?" என்று அங்குமிங்கும் பார்த்தான். அவன் பின்னாலேயே வந்து யானையின் கால் நிழலில் சருகோடு சருகாகப் படுத்திருந்த காத்தாயி, தவசியப்பனை நிமிர்ந்து பார்த்தாள். சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சக்கூட அவளால் முடியவில்லை, வாயைத் திறந்தால் சத்தம் வரும்.

தவசியப்பன் அவளைப் பார்த்தார். அலகை மூடிக்கொண்டார். நல்ல மனசு என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அவருக்கு அந்த நேரத்தில் ஒரு யோசனை வந்திருந்தது, அவ்வளவுதான்.

"புகாரை வாபஸ் வாங்கிக்கறேனுங்க," என்றார். "பூச்சியப்பன் குகையை எங்க ஆஸ்பத்திரியோட இன்னொரு கிளைன்னு அறிவிச்சுருங்க. அங்க குணமாகற ஏழை எல்லாம் எங்க கணக்குல ஏழை. பாதி விலை பழையபடி எங்களுக்கு வரட்டும்."

மாரண்ணன் கணக்குப் போட்டார். ஏழைகள் குகைக்குப் போய்விட்டால் இலவசத்துக்கு லேகியம் கேட்டு யாரும் வாசலில் நிற்க மாட்டார்கள். சட்டத்தில் ஏழை இருப்பான், வரிசையில் இருக்க மாட்டான். "மயிலுக்கு விக்கறதுல எனக்கும் ஒரு பங்கு குடுத்தா அத்தாட்சி கேக்க மாட்டேன்," என்றார்.

யானைக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது. தன் சட்டம் கடைசியில் ஓர் ஏழையின் மூச்சைச் சரிசெய்துவிட்டதே! காடு முழுக்கப் பிளிறி அறிவித்தது. நாள்பட்ட இருமல்காரி முயல் வந்தாள், மூச்சு முட்டும் முள்ளம்பன்றி வந்தான், கக்குவான் வந்த காட்டுக்கோழி வந்தாள். குகையைச் சுற்றிச் சருகு நிறைந்தது. யாரும் இருமவில்லை, யாரும் இழுக்கவில்லை. அவ்வளவு அமைதியான ஆஸ்பத்திரியை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க முடியாது.

பூச்சியப்பனும் அந்த அறிவிப்பைக் கேட்டான். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்றுதான் சொன்னேனே. அதிலிருந்து அவன் வேட்டைக்குப் போவதில்லை. குகை வாசலில் கண்ணை மூடிப் பொறுமையாக உட்கார்ந்திருப்பான். வந்தவர்களில் யாராவது ஒருவருக்குப் பயம் பழகிப்போகும், 'அப்பாடா' என்று ஒரு பெருமூச்சு வந்துவிடும். தவசியப்பன் அவர்களை, குணமாகி வீடு திரும்பியவர்கள் என்று எழுதிக்கொள்வார்.

வாரம் ஒருமுறை அவர் பார்வையிட வருவார். குகைக்கு எட்டாத உயரமான கிளையில் உட்கார்ந்து, காத்தாயி இருக்கிற பக்கமாகக் குனிந்து கேட்பார்.

"எப்படி இருக்கறே அம்மிணி? சவுக்கியமா? ஏதாச்சும் கொறை இருந்தா வாய் விட்டுச் சொல்லோணும்."

கீழே பூச்சியப்பன் ஒரு காதை மெல்லத் திருப்புவான். காத்தாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள். தவசியப்பன் கொஞ்சநேரம் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, 'நோயாளிக்குக் குறை ஒன்றுமில்லை' என்று எழுதிக்கொண்டு மலை உச்சிக்குப் பறந்துபோவார்.

நீதி: மருந்து எட்டாத ஏழைகள் மனம் தளர வேண்டாம். பயத்துக்குப் பாதி விலை கூடக் கிடையாது. அது முழு இலவசம், அத்தாட்சியும் கேட்கமாட்டார்கள்.